சந்தனம் விதைக்கும் சின்னான்

ஜவ்வாது மலைச் சந்தனத்தில் பெரும்பகுதி யாரும் நட்டு வளர்ந்தது அல்ல. வனத்துறை விதை ஊன்றிய சரிவுகள் ஆங்காங்கே உண்டு. மற்றபடி வேலியோரத்திலும் முட்புதர் நடுவிலும் பாறை இடுக்கிலும் தலை நீட்டியவை எல்லாம் பறவை எச்சத்தில் வந்த மரங்கள். திருப்பத்தூர்ச் சந்தனக் கிடங்கில் கட்டை வந்து குவிந்த காலத்துக்கும் முன்னால், கூலி கேட்காமல் விதைத்தவை இவை: கறுத்த தலையும் சிறு கொண்டையும் வாலடியில் சிவப்புத் திட்டும் கொண்ட சின்னான், அடுத்து குயில், குக்குறுவான், மைனா.

சந்தனப் பழத்தின் குறுக்களவு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். காயாக இருக்கையில் பச்சை. பழுக்கும்போது சிவந்து, முற்றினால் கறுநீலம். மெல்லிய தோல், கொஞ்சம் சதை, நடுவில் ஒரே கொட்டை. சின்னான் இதைக் கொத்திக் கொத்தித் தின்பதில்லை, முழுசாக விழுங்கிவிடும். சதை வயிற்றில் கரைய, கொட்டை சேதமில்லாமல் எச்சத்தோடு வெளியே வருகிறது. குயில் போன்றவை கொட்டையை வாய்வழியாகக் கக்கிவிடுவதும் உண்டு. ஆனால் பழம் தின்னும் எல்லாமே இந்த வேலைக்கு ஆகா. கிளி சதையை ஒதுக்கிவிட்டுக் கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்னும். பச்சைப்புறாவின் அரைப்பை சிறு விதைகளைத் தூளாக்கிவிடும். வாடகையையும் வாங்கிக்கொண்டு சரக்கையும் விற்றுத் தின்னும் வண்டிக்காரனுக்கு இவை சமம்.

விதை எங்கே விழுகிறது என்பதில்தான் சந்தனத்தின் சூட்சுமம் இருக்கிறது. பறவை வெட்டவெளியில் எச்சமிடுவது குறைவு. பழம் தின்றபின் பறந்துபோய் இன்னொரு மரத்திலோ புதரிலோ உட்கார்ந்துதான் வயிற்றை லேசாக்கிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு விதையும் ஏதோ ஒரு செடியின் காலடியில் விழுகிறது. வேறு மரத்துக்கு இது வெறும் நிழல். சந்தனத்துக்கு இதுதான் சோறு.

காரணம், சந்தனம் பாதி ஒட்டுண்ணி. இலை பச்சையாக இருக்கிறது, வெயிலில் மாவுச்சத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. நீருக்கும் தாது உப்புக்கும் மட்டும் பக்கத்துச் செடியின் வேரைத் தேடிப்போய், அதன்மேல் உறிஞ்சு உறுப்பைப் பொருத்திக்கொள்கிறது. இதை 1871-ல் ஜான் ஸ்காட் முதலில் எழுதினார். 1906-07-ல் சென்னை மாகாண அரசுத் தாவரவியலாளர் சி. ஏ. பார்பர் அந்த உறுப்பின் அமைப்பை வேர் வேராக அறுத்துப் பார்த்து விரிவாக விளக்கினார். கோயம்புத்தூரில் 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் முதல் பொறுப்பாளரும் அவரே. சந்தனம் வேர் ஊன்றிக்கொள்ளும் செடி வகைகள் 300-க்கு மேல் பதிவாகியிருக்கின்றன. புல்லிலிருந்து பெருமரம் வரை அதற்கு ஆகாதது சொற்பம். தனியே நட்ட கன்று மட்டும் சில மாதங்களில் வெளிறிப்போகும்.

இன்னொரு தேவையும் அந்தப் புதரடியில் நிறைவேறுகிறது. சந்தன இலை என்றால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மானுக்கும் கொள்ளை ஆசை. பட்டை மெல்லியது என்பதால் கோடைத் தீயையும் கன்று தாங்காது. காரையும் சூரையும் மண்டிய புதருக்குள் முளைத்த கன்றுக்கு வாய் நுழையாத வேலி கிடைக்கிறது; தலை வெளியே தெரியும் காலத்தில் அது ஆள் உயரம் தாண்டியிருக்கும். பறவை தன் வசதிக்கு உட்கார்ந்த இடம், விதைக்கு உணவும் காவலும் சேர்ந்த இடமாகிவிடுகிறது. எந்த நடவுத் திட்டமும் இவ்வளவு மலிவாக இடம் தேர்ந்து தந்ததில்லை.

பூ முதல் பழம் வரை

பழத்துக்கு முந்திய கட்டம் பூ. சந்தனப் பூ கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத அளவு சிறியது. விரியும்போது வைக்கோல் நிறம். ஓரிரு நாளில் அரக்குச் சிவப்பாக மாறும். ஒரே கொத்தில் இரண்டு நிறமும் இருக்கும். மணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இந்த மரத்தின் வாசனை முழுவதும் வைரத்திலும் வேரிலும்தான். பூச்சியை அழைக்க அது செலவாவதில்லை. பூவில் இருப்பது துளித் தேன். அதற்குத் தேனீ, ஈ, எறும்பு, வண்டு, பட்டாம்பூச்சி எல்லாம் வருகின்றன. தென்னிந்தியாவில் பல மரங்கள் ஆண்டுக்கு இருமுறை பூப்பதால் இந்தக் கடை நீண்ட நாள் திறந்திருக்கும்.

சந்தனம் பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. பழம் பிடிக்க வேறொரு மரத்தின் மகரந்தம் வந்தாக வேண்டும். எறும்பால் அது ஆகாது. இறக்கையுள்ள ஒன்று மரம் விட்டு மரம் போக வேண்டும். மரங்கள் அடுத்தடுத்து நின்ற காலத்தில் ஈயே போதும். இடைவெளி கூடக் கூட, வெகுதூரம் பறக்கும் தேனீக்களை நம்ப வேண்டியிருக்கிறது.

தமிழக மலைகளில் தேன் தருபவை நான்கு வகை. பாறை முகப்பிலும் உயர்ந்த கிளையிலும் ஒற்றை அடையைத் தொங்கவிடும் மலைத்தேனீ, பொந்துக்குள் பல அடை கட்டும் அடுக்குத்தேனீ, புதர்க் கிளையில் கையளவு அடை வைக்கும் கொம்புத்தேனீ, கொட்டத் தெரியாத கொசுத்தேனீ. கடைசி இரண்டும் கூட்டைச் சுற்றிய சிறு வட்டத்தை விட்டு அதிகம் போவதில்லை. கிலோமீட்டர் கணக்கில் பறந்து தொலைவில் நிற்கும் மரங்களை இணைப்பதில் மலைத்தேனீதான் முதல்.

தேன் வியாபாரம் பேசுவோர் லிட்டர் கணக்கு பேசுவார்கள். இந்த இணைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அடையில் தேன் தேங்கியிருக்கும் மேல்பகுதியை மட்டும் அறுத்துப் புழு அடையை விட்டுவைத்தால் கூட்டம் அதே இடத்தில் மீண்டும் கட்டிக்கொள்ளும். முழு அடையையும் தீப்பந்தத்தால் எரித்து இறக்கினால் ஒரு தலைமுறைத் தேனீயே போய்விடும். 1991-92-ல் பரவிய தாய்லாந்துப் பைப்புழு நோயில் தென்னிந்திய அடுக்குத்தேனீப் பெட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காலியானது தேன் வளர்ப்போருக்கு இன்றும் நினைவிருக்கும். மேலேயுள்ள காட்டில் அதே காலத்தில் எத்தனை மரம் காய்க்காமல் போனது என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

ஜவ்வாது மலைக்குப் பெயர் வாங்கித் தந்த சாமைக்குத் தேனீயின் தயவு வேண்டாம். தன் மகரந்தத்திலேயே மணி பிடித்துக்கொள்ளும். கொல்லை ஓரத்துப் பூசணிக்கு அந்த வசதி இல்லை. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி என்பதால் தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். சந்தைக்கு மூட்டை மூட்டையாக இறங்கும் சீதாப்பழத்தின் ஏற்பாடு இன்னும் விசித்திரமானது. அதன் பூ முதலில் பெண்ணாக இருந்து, பிறகு ஆணாக மாறுகிறது. தடித்த மூன்று இதழுக்குள் நுழையும் அரிசியளவுச் சிறுவண்டுகள், ஆண் நிலைப் பூவில் தூளைப் பூசிக்கொண்டு பெண் நிலைப் பூவுக்குள் போனால்தான் காய். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து கடல் கடந்து வந்த மரத்துக்கு இங்குள்ள வண்டுகள் வேலைக்கு அமர்ந்துகொண்டன. இந்த வண்டுகள் வளர்வது அழுகிய பழத்தில். மரத்தடியைக் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கும் தோப்பில் காய்ப்பிடிப்பு குறைவாக இருந்தால் வியக்க வேண்டியதில்லை.

மரம் இருந்தும் விதை இல்லாத நிலை

சந்தனக் கொள்ளையைப் பற்றி எழுதப்பட்டவை போதுமான அளவு உண்டு. போன மரத்தின் விலை பேசப்பட்டது. நின்ற மரத்துக்கு என்ன ஆனது என்பது பேசப்படவில்லை. எண்ணெய் அதிகம் உள்ள பாகம் வேர். அதற்காகத் தோண்டும்போது அறுபட்டு மண்ணில் தங்கும் வேர்த் துண்டுகளிலிருந்து பக்கக்கன்றுகள் கிளம்பும். சில ஆண்டில் அந்த இடம் மீண்டும் சந்தனமாகத் தெரியும். ஆனால் அத்தனையும் ஒரே மரத்தின் நகல். பத்துக் கன்று நின்றாலும் மகரந்தக் கணக்கில் அது ஒரே மரம்தான். தன் மகரந்தத்தை ஏற்காத இனத்தில் இதன் விளைவு எளிது: பூ உண்டு, தேனீயும் உண்டு, பழம் இல்லை.

இது வெறும் ஊகம் அல்ல. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் எஞ்சி நின்ற வடக்கத்திச் சந்தனத் தொகுதிகளை ஆராய்ந்து 2000-ல் வெளியான ஆய்வு, வேர்க்கன்றில் பெருகிய நகல்களால் ஆன தொகுதிகள் விதை உண்டாக்கத் தவறியதைக் காட்டியது. அது வேறு இனம், ஆனால் நெருங்கிய உறவு. இந்தியச் சந்தனம் 1998-லிருந்து உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழிய வாய்ப்புள்ள இனமாக இருக்கிறது. அந்தப் பட்டியல் மரத்தை எண்ணுகிறது. பழம் தரும் மரத்தை மட்டும் எண்ணினால் எண்ணிக்கை எங்கே நிற்கும் என்பதுதான் உண்மையான கேள்வி.

பழம் குறையும்போது பறவை பட்டினி கிடப்பதில்லை. அது வேறு பழத்துக்குப் போய்விடும். அந்த வேறு பழத்தைப் பற்றிப் பேசுமுன், ஆண்டு முழுவதும் பறவைகளை மலையில் தங்கவைக்கும் மரத்தைப் பார்க்க வேண்டும்.

அத்தியும் அதன் குளவியும்

ஓடையோர அத்தி, ஊர்நடு ஆல், கோயிலடி அரசு, பாறையைக் கவ்விய கல்லிச்சி இவை எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குளவி உண்டு. ஆலின் குளவி அரசுக்குப் போகாது, அரசின் குளவி அத்திக்கு ஆகாது. தேனீக்கு ஆயிரம் பூ. இந்தக் குளவிக்கு ஒரே மரம்.

அத்திக்காய் என்று சொல்வது உண்மையில் உள்பக்கம் நூற்றுக்கணக்கான பூக்கள் அடர்ந்த மூடிய பை. அதன் நுனியில் செதில்கள் அடைத்த ஒரு கண் இருக்கும். 2 மில்லிமீட்டர் அளவுள்ள பெண் குளவி அந்தச் செதில்களுக்கு இடையே உடலை நெருக்கிக்கொண்டு உள்ளே போகிறது. போகிற போக்கில் இறக்கை பிய்ந்துபோகும், உணர்கொம்பும் ஒடியும். திரும்பி வரும் எண்ணம் அதற்கு இல்லை. உள்ளே கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் இட்டு, சில பூக்களின் சூலில் முட்டை வைத்துவிட்டு அங்கேயே சாகிறது. முட்டை விழுந்த பூ குளவிக் குஞ்சுக்குத் தொட்டில், மற்றவை விதை. சில வாரம் கழித்து ஆண் குளவிகள் முதலில் வெளிவரும். இவற்றுக்குப் பிறவியிலேயே இறக்கை இல்லை. இன்னும் பூவுக்குள் அடைபட்டிருக்கும் பெண்களோடு கூடி, காயின் சுவரில் துளை போட்டுக் கொடுத்துவிட்டு ஆண்கள் மடிகின்றன. பெண்கள் மகரந்தத்தைச் சேர்த்துக்கொண்டு அந்தத் துளை வழியே வெளியேறி, ஓரிரு நாள் ஆயுளுக்குள் கண் திறந்த இன்னொரு அத்தியைக் கண்டுபிடித்தாக வேண்டும். அத்திப் பழத்தைப் பிட்டால் தெரியும் பூச்சியைச் சொத்தைக்கு உவமையாக்கியது பழமொழி. அந்தப் பூச்சி இல்லையேல் பழமே இல்லை.

குளவியின் ஆயுள் ஓரிரு நாள் என்பதால், வட்டாரத்தில் ஏதாவது ஒரு மரம் எப்போதும் குளவியை ஏற்கும் நிலையில் இருக்க வேண்டும். இதனால் அத்தி, ஆல் இனங்கள் எல்லாம் சேர்ந்தாற்போல ஒரே பருவத்தில் காய்ப்பதில்லை. ஆளுக்கொரு மாதத்தில் காய்க்கின்றன. மற்ற மரங்களில் பழமே இல்லாத மாதத்திலும் எங்கேயோ ஓர் ஆல் பழுத்திருக்கும். குக்குறுவான், குயில், மைனா, குரங்கு, மரநாய், வௌவால் என்று பழந்தின்னிகள் எல்லாம் பஞ்ச காலத்தைத் தாண்டுவது இந்த ஒரு குடும்பத்தின் தயவில். கட்டைக்கு உதவாத மரம் என்று ஆலையும் கல்லிச்சியையும் ஒதுக்குவோர், சந்தனத்தின் விதைப்பாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் மரத்தைத்தான் ஒதுக்குகிறார்கள்.

இராப் பணியாளர்கள்

பொழுது சாய்ந்தபின் பொறுப்பு கை மாறுகிறது. இலுப்பைப் பூவின் சூல்முடி, இதழ் விரியுமுன்பே மொட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சர்க்கரை நிறைந்த தடித்த இதழைத் தின்ன இரவில் பழந்தின்னி வௌவால்கள் வருகின்றன. ஒரு கொத்தில் கடித்துவிட்டு அடுத்த மரத்துக்குப் பறக்கும்போது மூஞ்சியில் ஒட்டிய மகரந்தமும் போகிறது. கோடை முடிந்து பழுக்கும் பழத்தையும் அதே வௌவால்தான் கவ்விக்கொண்டு போய், வேறொரு மரத்தில் தலைகீழாகத் தொங்கித் தின்றுவிட்டுக் கொட்டையைப் போடுகிறது. இலுப்பைக் கொட்டைக்கு முளைப்புத் திறன் சில வாரமே. கிடங்கில் வைத்து அடுத்த ஆண்டு விதைக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உடனே யாராவது மண்ணில் சேர்க்க வேண்டும்.

இந்த உதவிக்குக் கிடைத்த மரியாதை என்ன என்றால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள் காகம், எலியோடு சேர்ந்து தீங்குயிர்ப் பட்டியலில் அரை நூற்றாண்டு இருந்தன. 2022-ல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. மாந்தோப்புக்காரர்களின் மனத்திலிருந்து அது இன்னும் நீங்கவில்லை. அவர்கள் சொல்லும் நட்டமும் பொய்யல்ல. ஜவ்வாது மலையில் வௌவாலுக்கு ஒரு தற்செயல் அனுகூலம் உண்டு. 1968 முதல் காவலூரில் வானாய்வகம் இயங்குவதும், 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே நிறுவப்பட்டதும் இங்கே வானம் இருட்டாக இருந்ததால்தான். தெருவிளக்கு மிகுந்த இடங்களைத் தவிர்க்கும் உயிர்களுக்கும் அந்த இருட்டு பயன்படுகிறது.

பகலில் ஒரு சிறிய கதை தனியே ஓடுகிறது. மா, இலுப்பை, நெல்லிக் கிளைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் புல்லுருவிக்கும் கட்டைவிரல் அளவுள்ள மலர்கொத்திக் குருவிக்கும் உள்ள ஒப்பந்தம் அது. புல்லுருவியின் முற்றிய மொட்டைக் குருவி அலகால் அழுத்தினால் பட்டென்று திறந்து மகரந்தத்தை முகத்தில் தூவும். பழத்தின் கொட்டையைச் சுற்றிப் பசை. சில நிமிடத்தில் அது குடலைத் தாண்டி வெளியே வந்து பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். குருவி கிளையில் தேய்த்துத் துடைக்கும். தேய்த்த இடத்தில் அடுத்த புல்லுருவி முளைக்கும். சாலிம் அலி கொங்கணத்தில் இதைக் கவனித்து 1931-ல் எழுதினார். மரத்துக்கு இது நட்டம். குருவிக்கும் புல்லுருவிக்கும் ஆதாயம். இரண்டு பேர் கைகோத்தால் மூன்றாமவர் தலையில் செலவு விழுவதும் காட்டில் உண்டு. அப்படி விழும் செலவிலும் ஒரு வரவு: மஞ்சளும் சிவப்புமாகப் பறக்கும் வெண்புலப் பட்டாம்பூச்சி ஒன்று முட்டையிடுவது இந்தப் புல்லுருவி இலையில்தான்.

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன மலையில் நெல்லி மரங்களைப் புல்லுருவி மொய்த்தபோது, தரையில் மெல்லிய தீ வைக்கும் பழைய வழக்கத்தை நிறுத்தியதே காரணம் என்று சோலிகர் பழங்குடியினர் சொன்னதை 2010-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. தீயைப் பற்றிய இந்தக் கருத்துக்கு எடை உண்டு. மெல்லிய பட்டைச் சந்தனம் நிற்கும் மலைக்கு அதை அப்படியே எடுத்துவருவது மட்டும் ஆபத்து.

நெல்லியின் விதை பரவுவது பறவையால் அல்ல, மானால். புள்ளிமான் உதிர்ந்த நெல்லியை முழுசாக விழுங்கி, வேறெங்கோ படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடும். இந்திய வறண்ட காடுகளில் நடந்த ஆய்வுகள் இதை உறுதி செய்திருக்கின்றன. சரக்கொன்றைக் காயைக் கரடி தின்றால் விதை அதன் சாணத்தோடு ஊர் விட்டு ஊர் போகும். இவற்றுக்குப் பெரிய வாய் வேண்டும், பெரிய வயிறு வேண்டும். மான் படுக்கும் இடமும் கரடி நடமாடும் சரிவும் குறைந்தால் இந்த இனங்களுக்கு மாற்று ஆள் கிடையாது. 1992-ல் கென்ட் ரெட்ஃபோர்ட், மரம் நின்றும் விலங்கு இல்லாத இத்தகைய காட்டைக் 'காலியான காடு' என்று பெயரிட்டு எழுதிய கட்டுரை அமேசானைப் பற்றியது. சின்னான் உள்ளவரை ஜவ்வாது காலி என்று சொல்ல முடியாது. இங்கே நேர்ந்தது வேறு.

சரக்கு மாறிவிட்டது

சின்னான் குறையவில்லை. காட்டிலும் ஊரிலும் தோட்டத்திலும் அது தாராளமாக இருக்கிறது. அதன் வயிற்றில் போகும் சரக்குதான் மாறியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்த உண்ணிச்செடி, இன்று தென்னிந்திய மலைகளில் புகாத சரிவு இல்லை. அதைப் பரப்பியதும் இதே கொடுக்கல் வாங்கல்தான். பூ மஞ்சளாக விரிந்து இளஞ்சிவப்பாக மாறும்; இந்த நிறமாற்றம் மகரந்தச் சேர்க்கையோடு தொடர்புடையது என்பதை மாத்தூர், மோகன் ராம் இருவரும் 1978-ல் காட்டினர். சந்தனப் பூவும் நிறம் மாறுகிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். உண்ணியின் பழமும் கறுநீலம், சின்னது, சதையுள்ளது, ஆண்டில் பல மாதம் கிடைப்பது. சின்னானின் பார்வையில் இரண்டு பழமும் ஒன்றுதான். கையெட்டும் தூரத்தில் எது அதிகமோ அதை அது தின்கிறது, தின்றதை விதைக்கிறது.

இதில் ஓர் இரட்டை நட்டம் ஒளிந்திருக்கிறது. காய்க்கும் சந்தனம் ஒன்று போனால், அந்த மரத்தின் பழம் மட்டும் போவதில்லை. அந்தப் பழத்தைச் சுமந்த பறவையின் உழைப்பும் உண்ணியின் கணக்கில் சேருகிறது. முன்பு சந்தனக் கொட்டை விழுந்த அதே புதரடியில் இப்போது உண்ணிக் கொட்டை விழுகிறது. மரத்தைக் காக்கக் காவல் போட்டவர்கள் கட்டைக்குத்தான் போட்டார்கள். காய்ப்புக்குக் காவல் என்று ஒன்று இருக்கலாம் என்பதே எந்தத் திட்டத்திலும் தெரிவதில்லை.

உண்ணியை வேரோடு பெயர்த்து எறிவதே தீர்வு என்போர் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் முட்புதர் போய்விட்ட சரிவுகளில் ஆட்டு வாயிலிருந்து சந்தனக் கன்றை மறைத்து நிற்பதும் பல இடங்களில் அந்த உண்ணிதான். இயந்திரம் வைத்து ஒரே மூச்சில் வழித்தால் உள்ளே முழங்கால் உயரத்தில் நிற்கும் கன்றும் சேர்ந்து போகும். கத்தியோடு ஆள் போய், கன்று உள்ள புதரை விட்டு மற்றதை வெட்டி, அந்த இடத்தில் காரையோ சூரையோ எழும்வரை காத்திருப்பது மெதுவான வேலை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் இதே குலத்தைச் சேர்ந்த இன்னொரு சந்தனம் உண்டு. அதன் கொட்டை பெரியது, பறவைக்குச் சுமையானது. வோய்லி என்ற முயல் அளவுள்ள பையுடைய விலங்கு அதை எடுத்துப்போய்ப் பிற்பாட்டுக்காக ஆழமில்லாமல் புதைக்கும். மறந்த கொட்டை முளைக்கும். வெளியிலிருந்து வந்த நரி வோய்லியைத் தின்று தீர்த்த இடங்களில் தாய்மரத்தடியிலேயே கொட்டை கிடந்தது, கன்று இல்லை. வோய்லி உள்ள இடத்தில் சந்தனக் கன்று கூடுதலாக முளைப்பதை 2005-ல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே சுமப்பவர் போனார். இங்கே சுமப்பவர் இருக்கிறார், சுமக்கச் சந்தனம் இல்லை.

நாற்றங்காலில் வளர்த்து நட்டால் போதும், பறவை எதற்கு என்பதும் ஒரு வாதம். தமிழ்நாட்டில் 2002-ல் சட்டம் திருத்தப்பட்டுப் பட்டா நிலச் சந்தனம் நில உரிமையாளருக்கே என்றானபின் அந்த நம்பிக்கை வளர்ந்திருக்கிறது. நாற்றங்கால் செய்வது என்ன என்று பார்த்தால் பறவையின் வேலையைத்தான். பழத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் பிசைந்து சதையைக் கழுவுகிறார்கள். இரண்டு மாத உறக்கத்தைக் கலைக்க ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் ஓர் இரவு ஊறவைக்கிறார்கள். பையில் கன்று இரண்டு மூன்று இலை விட்டதும் பக்கத்தில் துவரை ஊன்றுகிறார்கள், முதல் விருந்தோம்பி அதுதான். நிலத்தில் நடும்போது சவுக்கோ புங்கமோ கூடவே போக வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தால் கன்று பிழைக்கிறது.

இதில் விடுபடுவது கொட்டையின் பிறப்பிடம். கிலோவுக்கு ஏறக்குறைய 6,000 கொட்டை நிற்கும். ஒன்றிரண்டு நல்ல காய்ப்பு மரத்திலேயே ஒரு நாற்றங்காலுக்கு வேண்டியது கிடைத்துவிடும். அப்படி எடுத்து நட்ட தோப்பு முழுவதும் உடன்பிறப்புகள். வைரத்துக்கு அது கெடுதல் இல்லை. காய்ப்புக்குக் கெடுதல், நெருங்கிய உறவுக்குள் மகரந்தம் மாறினால் விதையின் எண்ணிக்கையும் தரமும் சரியும். சின்னான் நாள் முழுக்கப் பல மரத்தில் தின்று கலந்து போடுவதை நாற்றங்காலில் செய்ய ஒரே வழி, ஜவ்வாது, ஏலகிரி, சேர்வராயன், சித்தேரி என்று தனித்தனி மலைகளில், தொலைவில் நிற்கும் பல மரங்களிலிருந்து பழம் எடுத்து, மரவாரியாகக் குறித்து, பைகளை நடவுக்கு முன் கலந்து வைப்பது. பழம் பறிக்கும் ஆள் ஒவ்வொரு மரத்திலும் பாதியை விட்டுவைத்தால் அந்தப் பாதி உண்ணியோடு போட்டி போடும்.